புதுப்பிப்பு: மூர் மார்க்கெட் நீல பாட்டில்

மூர் மார்க்கெட்டில் வாங்கிய நீல மருந்து பாட்டில் எந்தக் காலத்தது, உள்ளே இருக்கும் வெள்ளைப் படலம் போகுமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி விரலால் தடவிப் பார்த்தேன்: அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் விழுந்த கோடு வாய் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, அதாவது வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள், 1903-இல் வந்த, பாட்டிலைத் தானாகவே முழுசாகச் செய்யும் ஓவன்ஸ் இயந்திரத்தில் செய்ததென்றால் கோடு விளிம்பு வரை ஏறியிருக்கும். உடம்பெல்லாம் வரிவரியாக இருப்பது அழகுக்கு இல்லை, விஷ பாட்டில், இருட்டில் கை பட்டாலும் தெரியட்டும் என்றுதான். அதனால் கையுறை போட்டே கழுவினேன். வினிகரும் ஒரு பிடி அரிசியும் போட்டுக் குலுக்கியதில் அந்த வெள்ளைப் படலத்தில் உப்புக்கறையாக இருந்த பாதி போச்சு. மிச்சம் கண்ணாடியே அரித்துப்போன மங்கல், அது போகாது. ஆசிட் ஊற்றச் சொன்ன அண்ணா, மன்னிக்கணும், அது மட்டும் முடியாது. அப்புறம் விலை கேட்டவர்களுக்கு: விற்பதாக இல்லை.