பொருள்: 'பசியின்மை உளநோய்' வேண்டாம், 'உண்ணாமெலிவு நோய்' என்று ஆளலாம்

அன்புடையீர்,

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்குமாக நாம் தொகுத்துவரும் உளநலக் கைந்நூலில், உணவை ஒதுக்கி ஆபத்தான அளவுக்கு மெலியச்செய்யும் உளநோயான அனொரெக்சியா நெர்வோசாவுக்குப் 'பசியின்மை உளநோய்' என்ற வழக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. அச்சொல் பரவலாக வழங்குகிறது; கிரேக்க மூலத்துக்கும் நேரானது. ஆயினும் அது நோயைத் தவறாகக் காட்டுகிறது. இந்நோயாளர்களில் பெரும்பாலானோருக்குப் பசி இருக்கிறது. அதை அடக்கிக்கொண்டுதான் அவர்கள் நாட்களைக் கழிக்கிறார்கள். அட்டன் பக்கத்துத் தாய் ஒருவர் தம் மகளைப் பற்றிச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பசி இல்லேனு சொல்லுறா. ஆனா ரொட்டி தட்டி தம்பிக்குக் குடுக்கிறதும் அவதான், அவன் திங்கிற வரைக்கும் பக்கத்துலயே குந்திப் பாத்துக்கிட்டு இருக்கிறதும் அவதான்." பிறருக்குச் சமைத்துப் போட்டுத் தான் உண்ணாதிருப்பது இந்நோயில் அடிக்கடி காணப்படும் நடத்தை. பெயரை நம்பி "பசிக்கிறதா?" என்று மட்டும் கேட்கும் உத்தியோகத்தரிடம் ஒரு பிள்ளை "பசிக்கிறது" என்று உண்மையைச் சொன்னால், அவளுக்கு இந்நோய் இல்லை என்றே முடிவாகிவிடும்.

மாற்றாக வந்த சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். 'உண்மறுப்பு' என்றால் வீம்பு என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டார் ஏற்கெனவே அப்படித்தான் ஏசுகிறார்கள். 'உண்டிச்சுருக்கம்' அதைவிடத் தீங்கானது. உண்டி சுருங்குவதைப் பெண்ணுக்கு அழகாகச் சொல்லும் பழைய வரியைக் கேட்டு வளர்ந்த சமூகத்தில் அது நோயின் பெயராகவே ஒலிக்காது. 'எடையச்ச நோய்' முதலில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால், உடல் பெருத்துவிடும் என்ற அச்சத்தைச் சொல்லாமல், வயிறு ஊதுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று மட்டும் முறையிடும் நோயாளர் ஆசிய நாடுகளில் கணிசமாக விவரிக்கப்பட்டிருக்கிறார்கள். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வரையறையும், அச்சம் வெளிப்படாவிட்டாலும் எடை கூடுவதைத் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்கிறது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் அதில் நீக்கப்பட்டது.

'உண்ணாமெலிவு நோய்' என்பது பசியைப் பற்றியோ மனவுறுதியைப் பற்றியோ எதுவும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியும் இரண்டை மட்டும் சொல்கிறது. மலையகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெலிந்த பிள்ளையைக் கண்டால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது மந்தபோசணையும் இரத்தச்சோகையும்தான். அது பிழையும் அல்ல. கிடைக்காமல் மெலிவது வேறு, கிடைத்தும் உண்ணாமல் மெலிவது வேறு என்பதைப் பெயரே நினைவூட்ட வேண்டும். நுவரெலியாக் குளிரில் சுவெட்டருக்குள் ஒடுங்கியிருக்கும் மாணவியை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் தாங்க முடியாத குளிர், மந்தமான நாடித்துடிப்பு, முதுகிலும் கைகளிலும் முளைக்கும் மென்மயிர் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள், சுவெட்டரோ மெலிவையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

புலிமியாவுக்குப் 'பெருந்தீனி நோய்' என்பதையும் கைவிட வேண்டுகிறேன். தீனி என்ற சொல்லை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஆத்திசூடியில் பிள்ளைகள் படிக்கும் 'மீதூண்' (அளவுக்கு மிஞ்சிய உணவு) நமக்கு ஆயத்தமாக இருக்கிறது; அங்கே கண்டிப்பு 'விரும்பேல்' என்பதில் இருக்கிறதே ஒழிய, மீதூண் அளவை மட்டுமே குறிக்கிறது. 1979இல் பிரித்தானிய உளமருத்துவர் ஜெரால்ட் ரசல் இந்நோயை விவரித்தபோது அதன் மையமாக இருந்தது, மிகையாக உண்பதும் பின் அதை ஈடுகட்ட வாந்தியெடுப்பது, பேதி மருந்து குடிப்பது போன்றவையும் மாறிமாறி வரும் சுழல். ஆகவே 'மீதூண் ஈடுகட்டல் நோய்' என்கிறேன். ஈடுகட்டல் இன்றி மீதூண் மட்டும் இருப்பதை 'மீதூண் கோளாறு' எனலாம். எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால், கூகைக்கட்டோ என்று ஐயுறும்படி வீங்கிய கன்னம், விரல் மூட்டின் மேற்புறத்தில் தழும்பு, முன்பற்களின் உட்புறத் தேய்வு ஆகியவற்றைக் கைந்நூலில் படத்துடன் தர வேண்டும்.

சிகிச்சைப் பகுதியில் ஒரு சொல் மிக அவசரமானது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இரத்தத்தில் பொசுபேற்று, பொற்றாசியம், மக்னீசியம் ஆகியவை சரிந்து, இதயமே நின்றுபோகக்கூடும். இதற்கு 'மீளூட்ட அபாயம்' என்று பெயரிடலாம். 'நோய்க்குறித்தொகுதி' (சின்ட்ரோம்) என்றெல்லாம் நீட்டினால் எச்சரிக்கை மங்கிவிடும். மிகவும் மெலிந்த பிள்ளையை வீட்டிலேயே ஊட்டித் தேற்ற முனையாமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதை இச்சொல்லின் கீழேயே எழுதிவிடுவோம்.

இளவயதினருக்குப் பெற்றோரே வேளாவேளை உணவைப் பொறுப்பேற்கும் முறையைக் 'குடும்பவழிச் சிகிச்சை' எனலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாய் காலையில் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் திரும்பும் லயத்து வீட்டில், பகலுணவுக்குப் பிள்ளையின் அருகில் இருக்கப்போவது பெரும்பாலும் அம்மாயியோ அப்பாயியோதான். எனவே விளக்கத்தில் 'பெற்றோர்' என்று நிறுத்தாமல் 'பெற்றோரும் வீட்டு மூத்தோரும்' என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.