நர்சரியில் வாய் திறக்காத பிள்ளை: வீட்டில் தமிழை நிறுத்தவா?

நேற்று ஒரு தங்கை கேட்டிருந்தார். லண்டன் வந்து இரண்டு மாதம், மகனுக்கு மூன்றேகால் வயது, நர்சரியில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை, இனி வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசட்டுமா என்று. பதில் எழுத எழுத நீண்டுவிட்டது. புதிதாக வருகிற எல்லோரும் கேட்பதுதான் என்பதால் தனியாகவே போடுகிறேன்.

நிறுத்தாதீர்கள். நாங்கள் நிறுத்திப் பார்த்தவர்கள். மகள் போன நர்சரியில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், "வீட்டிலும் இங்கிலீஷ் பேசினால் சீக்கிரம் பழகிவிடுவாள்" என்றார். இரண்டு மாதம் நானும் கணவரும் 'கம் ஹியர்', 'ஈட் திஸ்', 'டோன்ட் டூ தட்' என்று குடும்பம் நடத்தினோம். நமக்குத் தெரிந்தது ஆபீஸ் இங்கிலீஷ். மீட்டிங்குக்கு ஆகும், கடுகு ஏன் வெடிக்கிறது என்று கேட்கிற குழந்தைக்கு ஆகாது. நாங்கள் பேச்சைச் சுருக்க, அவளும் சுருக்கிக்கொண்டாள். இங்கே பேச்சுப் பயிற்சியாளர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஸ்பீச் அண்ட் லாங்வேஜ் தெரபிஸ்ட்ஸ் சொல்வதும் இதுதான்: இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது, வீட்டு மொழியிலேயே பேசுங்கள். ஈரம் என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைக்கு 'வெட்' என்பது அதற்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். ஈரமே தெரியாவிட்டால் இரண்டு மொழியிலும் சிரமம்.

புது மொழிக்கு நடுவே போய் உட்கார்ந்த பிள்ளை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டிருப்பது வழக்கமான விஷயம். அந்த நேரத்தில் வீட்டில் தமிழ்ச் சொல்லைக் குவியுங்கள்.

எப்படி? நான் முதலில் ஃப்ளாஷ் கார்ட் வாங்கினேன். மூன்றாம் நாள் அது சோபாவுக்கு அடியில் கிடந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது அடுப்படிதான். அதுவரை எல்லாவற்றுக்கும் 'கட் பண்ணு' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். யோசித்துப் பாருங்கள்: வெங்காயத்தை உரிக்கிறோம், நறுக்குகிறோம். கேரட்டைச் சீவுகிறோம், துருவுகிறோம். கீரையை ஆய்கிறோம், கொத்தமல்லியைக் கிள்ளுகிறோம். அவளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்திவிட்டு வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன்: "வாழைப்பழத்தைத் துருவட்டுமா?" "ஐயோ அம்மா, உரிக்கணும்!" என்று கத்துவாள். பெரியவர்களைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் எந்த கார்டிலும் கிடையாது. ஒரு வாரத்தில் அவளே எனக்குத் தப்புச் சொற்களை வைத்துப் பரீட்சை நடத்த ஆரம்பித்தாள்.

அடுத்தது தலையணை உறை. உள்ளே நாலைந்து பொருளைப் போட்டுவிட்டு, பார்க்காமல் கையை விட்டுத் தடவிச் சொல்ல வேண்டும். இதில் தமிழுக்கு ஈடே இல்லை: வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு. வாயில் சொல்வதற்கே விளையாட்டாக இருக்கும். பொரிச்ச அப்பளத்தை மட்டும் உள்ளே போடாதீர்கள், உறையைத் துவைக்க வேண்டியது நீங்கள்தான்.

டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டில் வாழைப்பழம் பச்சையாக இருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் 'பனானா'தான். நமக்கு அது காய், செங்காய், பழம். "இது இன்னும் காய்தான், நாளன்னைக்குப் பழமாயிடும்" என்று சொல்லி வாங்கி வந்து தினமும் காலையில் பார்ப்போம். காத்திருப்பது எப்படி என்றும் சேர்த்துப் பழகினாள்.

பஸ்ஸில் மாடியில் முன் சீட் கிடைத்தால் விடுகதை. பழைய விடுகதைகள் வேண்டாம், அவை மூன்று வயதுக்குப் புரியாது. கண்ணில் படுவதை வைத்து நீங்களே கட்டுங்கள்: "சிவப்பா இருக்கும், வயித்துக்குள்ள ஆளுங்க இருப்பாங்க, மணி அடிச்சா நிக்கும்." பதில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற பஸ்தான். அப்புறம் முறை அவளுக்கு. முதலில் வருவதெல்லாம் "அது பெரிசா இருக்கும்" என்ற அளவில்தான் இருக்கும்; சிரிக்காமல் யோசிப்பது போல் நடியுங்கள்.

வீடியோ காலில் ஆச்சியைச் சும்மா "சாப்பிட்டியா" என்று கேட்கவிடாமல் வேலை கொடுங்கள். பருப்புக் கடையும் விளையாட்டை ஆச்சி அங்கிருந்து சொல்ல, நீங்கள் இங்கே குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடையுங்கள். ஒவ்வொரு விரலாக மடக்கி அத்தைக்குக் கொஞ்சம், சித்தப்பாவுக்குக் கொஞ்சம், பெரியம்மாவுக்குக் கொஞ்சம். இங்கே எல்லோரும் அங்கிள், ஆன்ட்டியாகிவிடுகிற ஊரில் உறவுச் சொல் நிற்பது இப்படித்தான். கடைசியில் அக்குள் வரை நண்டு ஊர வேண்டும், அதை மறந்தால் ஆட்டம் செல்லாது.

நர்சரிக்கு என்று தனியாகச் செய்ய வேண்டியது இரண்டுதான். ஒன்று, அங்கே தினமும் காதில் விழுகிற சொற்களை வைத்துப் பொம்மைகளோடு நர்சரி விளையாட்டு: கோட், பெக் (கோட் மாட்டும் கொக்கி), வெல்லீஸ் (மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ்), டைடி அப் (எடுத்து வைப்பது), கார்ப்பெட் டைம் (எல்லோரும் தரையில் கூடி உட்காரும் நேரம்), ஸ்நாக். நம் 'வாட்டர்' அவர்களுக்குப் புரியாமல் போகலாம். அவர்கள் உச்சரிப்பதையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, உங்கள் பிள்ளைக்கென்று நர்சரியில் ஒரு 'கீ பர்சன்' இருப்பார். அவரிடம் ஒரு தாள் கொடுங்கள். தண்ணி, ஒண்ணுக்கு, வலிக்குது, வேணாம், அம்மா எப்ப வருவாங்க என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும். என் மகள் முதல் மாதம் "ஒண்ணுக்கு" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஈர உடுப்போடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவர்கள் அவள் ஏதோ எண்ணுகிறாள் என்று நினைத்திருந்தார்களாம்.

வாட்ஸாப்பில் 'மூன்று கோடி சொல் வித்தியாசம்' என்று ஒரு பயமுறுத்தும் ஃபார்வர்டு சுற்றும்; வசதியான வீட்டுப் பிள்ளையைவிட ஏழை வீட்டுப் பிள்ளையின் காதில் அத்தனை சொல் குறைவாக விழுகிறது என்று. அது 1995இல் வெளியானது, அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களைக் கவனித்துப் போட்ட கணக்கு. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சொற்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் ஒன்று சொல்லி, பிள்ளை ஒன்று சொல்லி, பேச்சு போய் வருகிறதா என்று பாருங்கள்.

சேர்த்தது: ஏபிசிடி சொல்லித் தரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்த அடுத்த செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது பள்ளியில் முதல் வருடம். அங்கே முதலில் வருவது எழுத்தின் பெயர் இல்லை, ஒலி. 'எம்' என்று சொல்லித் தரமாட்டார்கள், 'ம' என்றும் இல்லை, வெறும் 'ம்'. ஆமாம், நம் புள்ளி வைத்த எழுத்துதான்! வெள்ளைக்கார அம்மா அப்பாக்கள் அதற்குத் திணறுவார்கள், நமக்கு அது பழக்கம். 'ம்' என்று தொடங்குகிற பொருள்களை வீட்டுக்குள் தேடச் சொல்லுங்கள். மாவு, மிளகு, முட்டை, மில்க், எந்த மொழியானாலும் கணக்கில் சேர்த்தி.

தமிழிலும் சொன்னது புரியவில்லை, மூன்று வயதாகியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் அது வேறு விஷயம். ஜிபியில் (நம் பகுதிக் குடும்ப டாக்டரிடம்) இன்னும் பதியாதவர்கள் முதலில் பதியுங்கள். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டரைக் கேட்டு, காது கேட்கிறதா என்ற சோதனையையும் கேளுங்கள். எத்தனை சொல் தெரியும் என்று கேட்டால் இங்கிலீஷ் சொற்களை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். 'பூச்சி', 'ஜோஜோ' எல்லாம் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.