எம்பார்கோ: ‘வெளியீட்டு ஒத்திவைப்பு’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்வடிவைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் குறித்த காலம்வரை பிறர் படிக்க இயலாதவாறு வைத்திருக்கும் ‘எம்பார்கோ’வுக்கு ‘வெளியீட்டுத் தடை’ என்ற சொல் முன்மொழியப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை. தடை என்றதும் அரசோ நீதிமன்றமோ நூலை முடக்கியதாகவே வாசகர் கொள்வர். இங்கோ ஆய்வாளரே விண்ணப்பித்து அவகாசம் பெறுகிறார். ‘தள்ளிவைப்பு’ ஊர்விலக்கை நினைவூட்டும். ஆவணக்காப்பகம் அரசுக் கோப்புகளைப் பல்லாண்டு திறவாமல் வைப்பது வேறு நடைமுறை என்பதால், ‘மூடுகாலம்’ என்பதை அதற்கே விட்டுவிடலாம்.

‘வெளியீட்டு ஒத்திவைப்பு’ என்பது என் பரிந்துரை. நீதிமன்றத்திலும் சட்டப்பேரவையிலும் பழகிய சொல். ‘ஒத்திவைத்த ஆய்வேடு’, ‘ஒத்திவைப்பை நீட்டித்தல்’ என்று எப்படியும் வளைந்துகொடுக்கும். தேதி குறிப்பிடாத ஒத்திவைப்பும் உண்டே என்று கேட்கலாம். முடிவுத் தேதி இருந்தாக வேண்டும் என்று விளக்கத்தில் சேர்த்தால் போதும்.

அவ்விளக்கம் இளம் வரலாற்றாய்வாளருக்குப் பயன்பட வேண்டும். ஆய்வேட்டை 6 ஆண்டுகள்வரை ஒத்திவைக்க மாணவர்களை அனுமதிக்குமாறு அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2013இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வரலாற்றுத் துறையில் பணி நிலைப்புக்கு நூலே பெரும்பாலும் அளவுகோல். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை நூலாக்கப் பதிப்பகங்கள் தயங்கும் என்பதே அச்சம். அது ஓரளவு மிகை என்பேன், ஏனெனில் நூலாகும்போது முன்னாய்வு மதிப்பீட்டு இயல் சுருங்கி, வாதம் திருந்தி, ஆய்வேடு ஏறக்குறைய வேறு படைப்பாகிவிடுகிறது. ஆயினும் நூல் ஒப்பந்தம் கைக்கு வராதவர்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் இதற்கான பகுதியைப் படிக்காமல் கையொப்பமிடக் கூடாது. ஒத்திவைத்தாலும் தலைப்பும் ஆய்வுச் சுருக்கமும் பொதுவாக எவர் கண்ணிலும் படும் என்பதால், புதிதாகக் கண்டெடுத்த கோப்பின் எண்ணைச் சுருக்கத்தில் எழுதிவைக்க வேண்டியதில்லை.

இதழ்க் கட்டுரைகளில் நிலைமை மாறுகிறது. ஏற்கப்பட்ட கைப்படியைக் களஞ்சியத்தில் எப்போது திறக்கலாம் என்பதை அங்கே பதிப்பகம் விதிக்கிறது. பிரிட்டனின் 2021 ஆய்வு மதிப்பீட்டு விதிகள் அதற்கு அறிவியல் துறைகளில் 12 மாதம், வரலாறு உள்ளிட்ட கலைத்துறைகளில் 24 மாதம் என உச்சவரம்பு வைத்தன. எனவே ‘ஆசிரியர் ஒத்திவைப்பு’, ‘பதிப்பக ஒத்திவைப்பு’ என இரண்டாகப் பிரிப்பது நல்லது.

செய்திக்குறிப்பை முன்கூட்டியே தந்து, குறித்த நேரம்வரை வெளியிட வேண்டாம் என்று கேட்பதற்கும் இச்சொல் பொருந்துமா என்பதைச் செய்தித்துறையில் உள்ளோர்தாம் சொல்ல வேண்டும்.