கேம் டெஸ்டர் வேலைக்கு நன்றாக விளையாடத் தெரிந்தால் போதுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

1

அடுத்த வாரம் ஒரு கேம் ஸ்டுடியோவில் டெஸ்டர் வேலைக்கு நேர்காணல். பத்து வருஷமாக விளையாடுகிறேன். கஷ்டமான மோடில் முடிக்காமல் விட்ட கேம் என்னிடம் குறைவு. வீட்டிலோ "விளையாடறதுக்கு யாராவது சம்பளம் தருவாங்களா?" என்று சிரிக்கிறார்கள். வெளியீட்டுக்கு முன்னால் ஒரு கேமைச் சோதிக்கிறவனிடம் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? பொதுவான அறிவுரை வேண்டாம். உள்ளே இருந்தவர்கள் பட்டதைச் சொன்னால் போதும்.

2

நானும் இதே நினைப்போடுதான் போனேன். தேர்வுக்கு வந்த நான்கு பேரிடமும் பாதி முடிந்த ஒரு பில்டை (கேமின் அப்போதைய பதிப்பு) கொடுத்து அரை மணி நேரம் விட்டார்கள். மூன்று லெவலை முடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் முதல் அறையையே தாண்டவில்லை. ஒரு கதவைத் திறப்பார், மூடுவார். திறந்துகொண்டிருக்கும்போதே துப்பாக்கியை மாற்றுவார். வாசலில் நின்றபடி மூடுவார். அப்புறம் பின்பக்கமாக நடந்து வருவார். பாவம், விளையாடத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

நேரம் முடிந்ததும் தாளை வாங்கினார்கள். என் தாளில் இரண்டு பக், அதாவது கோளாறு. அவர் தாளில் பதினொன்று. அதில் ஒன்று பெரியது: கதவு மூடும்போது நடுவில் நின்று செத்தால், மறுபடி உயிர் வருவது கதவுக்கு உள்ளேயே. நகரவும் முடியாது, இன்னொரு தடவை சாகவும் முடியாது. இதைச் சாஃப்ட்லாக் என்பார்கள். கிராஷ் ஆனால் கேம் மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்கலாம். இதில் இசை ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் மாட்டிக்கொண்டே இருப்பார்.

என்னையும் எடுத்தார்கள். ஏன் என்று பிறகு குழுத் தலைவர் சொன்னார். கண்டது இரண்டே என்றாலும், படிக்கிறவர் அப்படியே செய்துபார்க்கும்படி எழுதியிருந்தேனாம். எழுதுவது என்றால் இப்படி. "கதவு வேலை செய்யவில்லை" என்று போட்டால் இரண்டு நாளில் "மறுபடி வரவைக்க முடியவில்லை" என்ற முத்திரையோடு திரும்பி வரும். இதைப் பாருங்கள்: "பில்ட் எண் இன்னது. லெவல் 1, கிடங்கு, வடக்குக் கதவு. உயிர் 10க்குக் கீழே இருக்கும்போது கதவை மூடவிட்டு, வாசலில் நின்று காலடியில் குண்டைப் போடவும். நடக்க வேண்டியது: கடைசி செக்பாயின்ட்டில் எழ வேண்டும். நடப்பது: கதவுக்குள் எழுகிறார். 10 முயற்சியில் 7 தடவை." அந்த 7 என்ற எண்ணைத்தான் புரோகிராமர் முதலில் தேடுவார்.

3

10க்கு 7 வந்தால் அது சுகமான பக். எனக்கு வாய்த்தது எப்போதாவது ஒரு தடவை வரும். குகையிலிருந்து வெளியே வந்ததும் திரை உறைந்துவிடும். எனக்கு மட்டும்தான் வரும், பக்கத்து சீட்டு நண்பருக்கு வரவே வராது. இரண்டு நாள் கழித்து "உன் மெஷினில்தான் கோளாறு" என்றார்கள். மெஷினை மாற்றிக்கொண்டோம். அவருடைய மெஷினிலும் எனக்கு வந்தது!

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்ப்பதுதான் முறை. ஆயுதத்தை மாற்று, மழையை நிறுத்து, சத்தத்தை அணை. எதிலும் சிக்கவில்லை. திரையைப் பதிவு செய்து பார்த்ததிலும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் போனை மேஜை விளக்கில் கட்டி, திரைக்குப் பதிலாக என் கைகளைப் படம் எடுத்தேன். அப்போதுதான் புரிந்தது: குகை வாயைத் தாண்டிய அரை நொடிக்குள் என் கட்டைவிரல் பையைத் திறக்கும் பட்டனுக்குப் போகிறது. மருந்து குடிக்கும் பழக்கம். எனக்கே தெரியாமல் போகிறது. நண்பர் அங்கே பையைத் திறப்பதில்லை, ஓடிவிடுவார். அதே அரை நொடியில்தான் கேம் தன்னைத்தானே சேவ் செய்துகொள்கிறது. பையில் இருப்பதை எழுதிக்கொண்டிருக்கும்போது நான் பையைத் திறக்க, இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிட்டன.

நேர்காணலில் "பொறுமை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

4

டெஸ்டருக்கு விளையாட வரவேண்டும் என்பது கட்டாயமில்லை, நம்புங்கள். 1986இல் கிரேடியஸ் கேமை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அந்தக் கேம் கடினமாக இருந்தது. சோதிக்கும்போது எல்லா ஆயுதமும் ஒரேயடியாகக் கிடைக்கட்டும் என்று மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். வெளியீட்டுக்கு முன் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அதுதான் அந்த நிறுவனத்தின் பெயரால் பிரபலமான கொனாமி கோட்.

5

நான் இருப்பது கொஞ்சம் வேறு பக்கம். மேலே எழுதியவர்கள் எல்லோரும் பக் பிடிக்கிறவர்கள். நாங்கள் வெளியாட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் விளையாடுவதைப் பார்க்கிறவர்கள். பிளேடெஸ்ட் என்று சரியாகச் சொன்னால் இதுதான். கேம் உடைகிறதா என்பது எங்கள் கேள்வி இல்லை. புரிகிறதா, பிடிக்கிறதா, எங்கே சலிக்கிறது என்று பார்ப்போம். இதற்கு அனுபவசாலி உதவ மாட்டார். ஒருவர் ஒரு கேமுக்கு ஒரு தடவைதான் புதியவராக இருக்க முடியும். அதனால் இவர்களுக்குத் தொழிலில் கிளீனெக்ஸ் டெஸ்டர் என்றே பெயர். ஒருமுறை துடைத்துப் போடும் காகிதம் மாதிரி. கொஞ்சம் இரக்கமில்லாத பெயர்தான்.

எங்கள் பக்கம் முதலில் வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. ஓர் அறையில் மேலே ஏற ஏணி இருந்தது. வந்திருந்த அம்மா பதினான்கு நிமிஷம் அந்த அறையைச் சுற்றினார். ஏணியை நான்கு தடவை கடந்து போனார். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற டிசைனர் "பக்கத்துல இருக்கே, பக்கத்துல இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்குங்க, நான்தான் சரியாப் பார்க்கலை" என்றார். எல்லோரும் இப்படித்தான் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொள்வார்கள். ஏணியும் சுவரும் ஒரே பழுப்பு நிறம். வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. விளக்கை இடம் மாற்றியதும் அடுத்து வந்த ஆறு பேரும் நேராக ஏணிக்குப் போனார்கள்.

இரண்டாவது, சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் அப்படியே செய்துவிடக் கூடாது. "ஆள் ரொம்ப மெதுவா ஓடுறான், வேகத்தைக் கூட்டுங்க" என்று தொடர்ந்து சொன்னார்கள். வேகத்தைத் தொடவே இல்லை. காலடிச் சத்தத்தை நெருக்கமாக்கி, ஓடும்போது கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். புகார் நின்றுவிட்டது. அவர்களுக்கு வலித்தது உண்மை, சொன்ன மருந்துதான் தப்பு.

6

மொழிச் சோதனை பற்றி யாரும் பேசவில்லையே. தமிழ் சேர்த்த ஒரு மொபைல் கேமில் வேலை செய்தேன். முதல் பில்டைத் திறந்ததும் "பெட்டி" என்ற சொல்லைப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் 'ட்'டுக்கு முன்னால் நின்றது. கணினியில் சேமிக்கும் வரிசை 'ப' முதலில், கொம்பு அடுத்து. அதைத் திரையில் முன்னே தள்ளிக் காட்டுவது எழுத்துருவைக் கையாளும் பகுதியின் வேலை. அந்த கேம் எஞ்சினில் அந்த வேலை நடக்கவில்லை. 'கொ', 'போ' எல்லாம் இன்னும் மோசம்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பார்த்து "தமிழ் சரி" என்று டிக் போட்டிருந்தார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாக வராமல் எழுத்து வந்தாலே சரி என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு மொழியைப் படிக்கத் தெரிவதும் டெஸ்டருக்கு ஒரு திறமை. நேர்காணலில் மறக்காமல் சொல்லுங்கள்.

7

சலிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். சுவர் சோதனை என்று ஒன்று உண்டு. லெவலில் இருக்கிற ஒவ்வொரு சுவரையும் முட்டிக்கொண்டே நடக்க வேண்டும். குதித்து, குனிந்து, உருண்டு, மூலையில் கேமராவைத் திருப்பி. ஒரு லெவலுக்கு இரண்டு நாள். புது பில்ட் வந்தால் மறுபடி முதலிலிருந்து. சரிசெய்த இடம் மறுபடி உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் அதைவிடக் கொடுமை. எனக்குப் பிடித்திருந்த ஒரு கேம் இதில் நிரந்தரமாகக் கசந்துவிட்டது. வெளியான பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை.

ஆனால் சும்மா விட்டுவைப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. சோக் டெஸ்ட் என்று வெள்ளிக்கிழமை மாலை கேமை ஓடவிட்டுவிட்டுப் போவோம். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், குளத்துத் தண்ணீர் விக்கல் வந்தது போலத் துள்ளுகிறது. கேமை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. அலையை அசைக்கும் கடிகாரத்தை 32 பிட் தசம எண்ணில் வைத்திருந்தார்கள். எண் பெரிதாக ஆக அதன் நுணுக்கம் குறையும். 63 மணி நேரம் என்றால் 2,26,800 நொடி. அந்த அளவில் அந்த எண்ணால் நொடியில் 64இல் ஒரு பங்குக்குக் குறைவாக நகர முடியாது. திரையோ நொடிக்கு 60 தடவை மாறுகிறது. அந்தத் தாளப் பொருத்தமின்மைதான் விக்கல். "யார் 63 மணி நேரம் விளையாடப் போகிறார்கள்?" என்றார் ஒருவர். கன்சோலை ஸ்லீப்பில் போட்டுப் போட்டு வாரக்கணக்கில் கேமை மூடாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவரே ஒருவர்.

திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். அந்தக் கணக்கால் கோளாறு வந்த பிரபலமான கேம் டார்க் சோல்ஸ் 2. நொடிக்கு 60 பிரேமில் ஓடிய கணினிப் பதிப்பில் ஆயுதங்கள் 30 பிரேமில் தேய்வதைப்போல இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. இதுமாதிரி விஷயங்களுக்காகவே ஒரே சண்டையை 30, 60, 144 என்று மாற்றி மாற்றி ஓட்டுவோம்.

8

புரோகிராமிங் தெரிய வேண்டுமா என்று இங்கே அடுத்து யாராவது கேட்பார்கள். கட்டாயம் இல்லை. எண்களோடு கொஞ்சம் பழக்கம் வேண்டும். 255, 32,767, 2,147,483,647 இந்த மூன்றையும் பார்த்தால் கை அரிக்க வேண்டும். கணினி எண்ணை வைக்கும் இடம் நிரம்பிவிடும் எல்லைகள் இவை. பாக்மேனில் 256ஆம் லெவல் வந்ததும் திரையின் வலது பாதி குப்பையாகிவிடும். லெவல் எண்ணை 255 வரை மட்டுமே கொள்ளும் 8 பிட்டில் வைத்ததன் விளைவு. 1980இல் அவ்வளவு தூரம் யாரும் போவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நான் எந்தக் கேமிலும் முதலில் கடைக்குப் போய் ஒரே பொருளை 256 வாங்குவேன். காசு இல்லாவிட்டால் ஏமாற்றுக் குறியீடு கேட்டு வாங்கிக்கொள்வேன்.

9

கன்சோல் என்றால் கன்ட்ரோலரைப் பிடுங்கிப் பாருங்கள், சகோ. சண்டைக்கு நடுவில், வசனக் காட்சிக்கு நடுவில், லோடிங்கில். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூவருக்கும் தனித்தனி விதிப்பட்டியல் இருக்கிறது. அதில் தேறாமல் கேம் வெளிவராது. பட்டியலை வரி வரியாகப் படிக்கிற ஆளுக்கு எங்கள் குழுவில் தனி மரியாதை.

10

கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் பிடித்த எல்லாவற்றையும் சரிசெய்ய மாட்டார்கள். எவ்வளவு மோசம் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு அவசரம் என்பது வேறு கணக்கு. முகப்புத் திரையில் கேமின் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்றால் விளையாட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் இன்றே மாற்றியாக வேண்டும். நாற்பது மணி நேரம் ஆடிய பிறகு ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கிராஷ் அடுத்த மாதம் வரை காத்திருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், சேவ் ஃபைல் அழியும் பக் ஒன்றைப் பக் பட்டியலில் மூன்று தடவை திறந்தேன், மூன்று தடவையும் மூடினார்கள். மூன்றாவது தடவை கோபத்தில் நான்கு வரி சேர்த்து எழுதிவிட்டேன். அதுதான் என் தப்பு. அதன் பிறகு பேச்சு என் நான்கு வரியைப் பற்றிப் போனது, பக்கைப் பற்றிப் போகவில்லை. கேம் வெளியான அன்று மாலையே அது வெடித்தது. "டெஸ்டர்கள் தூங்கினார்களா?" என்று விளையாடியவர்கள் திட்டினார்கள். பட்டியலில் அதன் எண் இன்றும் எனக்கு மனப்பாடம். முடிவுப் பெயர்ப் பட்டியலில் எங்கள் பெயரும் இல்லை. இப்போதெல்லாம் பக் அறிக்கையில் "ஏன்", "எப்போதுதான்" மாதிரி சொற்கள் வந்தால் அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். வீடியோ மட்டும் இணைப்பேன். வீடியோவோடு யாரும் சண்டை போடுவதில்லை.

11

கேள்வி கேட்டவன் திரும்பி வந்திருக்கிறேன். நேர்காணல் முடிந்தது.

நாற்பது நிமிஷம் தந்தார்கள். விளையாட்டு தொடங்கவே இல்லை, பெயர் கேட்கும் பெட்டியிலேயே இருபது நிமிஷம் போய்விட்டது. 12 எழுத்து வரை என்று போட்டிருந்தது. வெறும் இடைவெளி கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. தாளில் ஒரு பக் என்று எழுதினேன். ஒட்டி வெட்டி 255 எழுத்து போட்டேன், தடுத்தது. அப்புறம் ஆறாவது பதிவு நினைவுக்கு வந்தது. தமிழில் "கார்த்திகேயன்" என்று தட்டினேன். நம் கணக்கில் ஏழே எழுத்து. உள்ளே போனபோது "கார்த்திகேயன" என்று இருந்தது, கடைசிப் புள்ளியைக் காணோம். கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறது. அப்படி எண்ணினால் பதிமூன்று.

10க்கு 10 தடவை என்று எழுதினேன். தாளை வாங்கியவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "இதை உங்கள் போனில் தட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். முடிவு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.