அம்மாவின் பி.எஃப். கணக்குத் தாளில் ஓய்வூதியப் பத்திக்கு வட்டி ஏன் இல்லை?

கேள்வி: கருங்கல் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா கருங்கல் பக்கத்திலுள்ள ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பின் தோலுரிக்கும் பீலிங் பிரிவில் வேலை செய்கிறார். வயது 53. 2007 ஜூன் முதல் 2016 மார்ச் வரை வேறோர் அண்டி ஆபீசில் இருந்தார். அதன் பின் இங்கே வந்தார். சென்ற வாரம் இ-சேவை மையத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கான வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) கணக்குத் தாளை முதன்முறையாக எடுத்துப் பார்த்தோம். பார்த்த பிறகு நிம்மதிக்குப் பதில் கவலைதான் கூடியிருக்கிறது.

தாளில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் உள்ளன. 2024 ஜூன் மாதச் சம்பளம் 6,000 ரூபாய் என்று போட்டு, அம்மாவின் பங்கு 720, முதலாளியின் பங்கு 220, ஓய்வூதியம் 500 என்று காட்டியிருக்கிறார்கள். "நாங்கள் பிடிக்கும் தொகைக்குச் சமமாக நாங்களும் போடுகிறோம்" என்று ஆபீசில் எப்போதும் சொல்வார்கள் என்கிறார் அம்மா. அப்படியானால் 220 எப்படிச் சமமாகும்? ஆண்டு முடிவில் முதல் இரண்டு பத்திகளுக்கும் வட்டி சேர்த்திருக்கிறார்கள். ஓய்வூதியப் பத்திக்கு ஒரு ரூபாய்கூட வட்டி இல்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பழைய ஆபீசின் பணத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு புதிய கணக்குக்கு மாற்றினோம். அந்த மாற்ற வரியில் தொழிலாளி, முதலாளி பங்குகள் வந்திருக்கின்றன. ஓய்வூதியப் பத்தியில் சுழியம் என்று இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஓய்வூதியப் பணம் போய்விட்டதா என்று அம்மா இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: மார்த்தாண்டம் கணக்கர்

சகோதரி, முதலில் அம்மாவிடம் பணம் எங்கும் போகவில்லை என்று சொல்லுங்கள். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் ஊதியக் கணக்கு எழுதியவன். இந்தச் சுழியத்தைப் பார்த்துக் கலங்கிய தொழிலாளர்கள் பலருக்கு விளக்கியிருக்கிறேன்.

220-இலிருந்து தொடங்குவோம். தொழிலாளியின் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 12 விழுக்காடு போடுகிறார். ஆனால் முதலாளியின் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மிச்சமுள்ள 3.67 விழுக்காடுதான் வைப்பு நிதியில் சேர்கிறது. 6,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு 720. அதில் 500 ஓய்வூதியம், 220 வைப்பு நிதி. இரண்டையும் கூட்டினால் 720 வருகிறது அல்லவா? ஆகவே ஆபீசில் சொன்னது சரியே. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் ஓய்வூதியப் பங்கு பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கிடப்படுவதில்லை என்பதால், அந்தப் பத்தியில் ஒரு மாதத்துக்கு 1,250 ரூபாய்க்கு மேல் பெரும்பாலும் காண மாட்டீர்கள். இந்த உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் 6,500 ரூபாயாக இருந்தது.

இனி வட்டி. முதல் இரண்டு பத்திகளும் அம்மாவின் சேமிப்பு. அவருடைய பெயரில் வளரும் பணம். 2024-25-க்கு 8.25 விழுக்காடு வட்டி. ஒரு மாதம் வரவான தொகைக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி ஓடும். ஆண்டின் தொடக்கத்தில் 2,00,000 ரூபாய் இருந்து, மாதம் 1,567 ரூபாய் வீதம் சேர்ந்திருந்தால், தொடக்க இருப்புக்கு 16,500 ரூபாயும், புதிதாகச் சேர்ந்தவற்றுக்கு 711 ரூபாய் அளவிலும் வட்டி வரும். உங்கள் தாளிலுள்ள எண்களைப் போட்டு இப்படியே சரிபார்த்துக்கொள்ளலாம். வட்டி பதிவாவது சில ஆண்டுகளில் தாமதமாகும். தாமதத்தால் தொகை குறையாது.

ஓய்வூதியப் பத்தி அப்படிப்பட்டதன்று. அங்கே போகும் பணம் எல்லாருக்கும் பொதுவான ஒரு நிதியில் சேர்கிறது. அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையை வைத்து அம்மாவின் ஓய்வூதியத்தை யாரும் கணக்கிடப்போவதில்லை. அதனால்தான் அதற்கு வட்டியும் காட்டுவதில்லை, கணக்கு மாறும்போது அந்தத் தொகையைத் தூக்கிக்கொண்டு போவதும் இல்லை. மாறிச் செல்வது வேலை செய்த காலம் மட்டுமே. ஓய்வூதியத்துக்குரிய சராசரிச் சம்பளத்தை, ஓய்வூதியத்துக்குரிய பணி ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுப்பார்கள். 2014-க்குப் பின் சேர்ந்து 14 ஆண்டுகள் வேலை செய்த ஒருவருக்குச் சராசரி 10,000 ரூபாய் என்றால் மாதம் 2,000 ரூபாய் வரும். உங்கள் அம்மாவைப் போல முன்பே சேர்ந்தவர்களுக்கு 2014 ஆகஸ்ட் வரையிலான காலத்தை 6,500 ரூபாய் வரம்புக்குள் தனியாகவும், பிந்திய காலத்தைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டுவார்கள்.

எனவே தாளில் ரூபாயைப் பார்க்க வேண்டிய பத்திகள் இரண்டு. ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை மாதங்களை எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன 10,000 ரூபாய்ச் சராசரியில் ஓர் ஆண்டு குறைந்தால் மாதம் 143 ரூபாய் குறையும், அதுவும் வாழ்நாள் முழுவதும்.

பத்து வரிகளைப் பற்றி: ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுவார்கள். ஆகையால் 2024-25-ஆம் ஆண்டுத் தாள் 2024 மார்ச் மாதச் சம்பளத்தில் தொடங்கி 2025 பிப்ரவரிச் சம்பளத்தில் முடியும். ஏப்ரலில் தொடங்கி எண்ணியிருந்தால் மீண்டும் எண்ணிப் பாருங்கள். அப்போதும் விடுபட்டிருந்தால் எந்த மாதங்கள் என்று எழுதுங்கள். கூடவே உறுப்பினர் இணையதளத்தில் சேவை வரலாறு என்ற பக்கத்தைத் திறந்து, பழைய ஆபீசில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊதியமில்லா நாட்கள் ஆகிய மூன்றையும் பாருங்கள். கணக்குத் தாளைக் காட்டிலும் அந்தப் பக்கம் முக்கியமானது.

பதில் 2: குலசேகரம் வாசகர்

விலகிய தேதி என்று அண்ணன் சொன்னதை தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். என் அப்பா இரண்டு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர். முதல் தோட்டத்தில் அவர் விலகிய தேதியை யாரும் பதிவு செய்யவே இல்லை. அதோடு, ஆதாரில் அப்பாவின் தந்தை பெயர் முழுவதுமாக இருந்தது. வைப்பு நிதிப் பதிவில் ஓர் எழுத்து மட்டும் முன்னெழுத்தாக இருந்தது. பிறந்த ஆண்டும் ஒன்று மாறியிருந்தது. இவை எல்லாம் 58 வயது நிறைந்து, ஓய்வூதியம் கேட்கும் 10-டி படிவம் கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. திருத்தி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அப்பா தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். அதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் உள்ளன. பெயர், பிறந்த தேதி, ஆதார் இணைப்பு, வாரிசு நியமனம் ஆகியவற்றை இப்போதே சரிபார்த்துவிடுங்கள். பழைய ஆபீசில் விலகிய தேதி இல்லையென்றால், உறுப்பினரே இணையதளத்தில் பதிந்துகொள்ளும் வசதி 2020 முதல் உள்ளது. ஆளே இல்லாத பழைய ஆபீசைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50 வயதானதும் ஓய்வூதியம் வாங்கலாமே என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லக்கூடும். வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் குறைப்பார்கள், அந்தக் குறைவு பின்னர் ஒருபோதும் சரியாகாது. அவசரம் இல்லாவிட்டால் பொறுத்திருப்பதே நல்லது.

கருங்கல் மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்னபடி மார்ச் முதல் எண்ணினோம். அப்போதும் இரண்டு மாதங்கள் இல்லை. 2024 அக்டோபரும் நவம்பரும். நவம்பரில் கொட்டை வரத்து இல்லாமல் ஆபீஸ் முழுவதும் பூட்டிக் கிடந்தது என்று அம்மா சொல்கிறார். ஆனால் அக்டோபரில் 13 நாட்கள் வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில், ஆண்டு வாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார். அக்டோபர்ச் சீட்டு கிடைத்தது. அதில் பி.எஃப். பிடித்தம் என்ற இடத்தில் ஊதா மையில் தொகை எழுதப்பட்டிருக்கிறது. பிடித்த பணம் கணக்குக்கு வரவில்லை.

சேவை வரலாற்றில் பழைய ஆபீசின் இரண்டு தேதிகளும் சரியாக உள்ளன. ஊதியமில்லா நாட்கள் பழைய ஆபீசில் 412, இப்போதைய ஆபீசில் இதுவரை 376 என்று காட்டுகிறது. இது அதிகமா? இந்த நாட்களால் அம்மாவின் ஓய்வூதியம் நின்றுபோகுமா?

பதில் 3: மார்த்தாண்டம் கணக்கர்

நிற்காது, சகோதரி. ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் வேண்டும். இரண்டு ஆபீசுகளையும் சேர்த்தால் உங்கள் அம்மா அதை எப்போதோ தாண்டிவிட்டார். பழைய கணக்கை மாற்றாமல் விட்டிருந்தால்தான் அந்த எட்டே முக்கால் ஆண்டும் தனித்துக் கிடந்திருக்கும். நீங்கள் செய்தது மிகச் சரியான காரியம்.

ஆனால் ஊதியமில்லா நாட்களைக் கவனிக்க வேறொரு காரணம் இருக்கிறது. பணிக்காலம் 20 ஆண்டுகளை எட்டி, 58 வயதில் ஓய்வு பெறுபவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 2007-இலிருந்து 58 வயது வரை எண்ணினால் அம்மாவுக்கு ஏறத்தாழ 23 ஆண்டுகள் வரும். 412-உம் 376-உம் சேர்ந்து 788 நாட்கள், அதாவது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். கழித்தால் இருபதரை ஆண்டு அளவில் நிற்கிறது. வரும் ஆண்டுகளிலும் ஆபீஸ் பூட்டிக் கிடந்தால் 20-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அண்டி ஆபீசில் வேலை செய்யும் நம் பெண்கள் பலர் இந்த எல்லைக்கோட்டில்தான் நிற்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். எனவே வேலை செய்த ஒரு நாள்கூட ஊதியமில்லா நாளாகப் பதியப்படக் கூடாது. டின்னிலுள்ள சீட்டுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் வேலை செய்த நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்காக, உண்மையிலேயே வேலையில்லாத நாட்களை மறைக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். சராசரிச் சம்பளம் கடைசி 60 மாதங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் காலத்தில் ஊதியமில்லா நாட்கள் முறையாகப் பதிவாகியிருந்தால், மொத்தச் சம்பளத்தைச் சம்பளம் பெற்ற நாட்களால் வகுத்து 30-ஆல் பெருக்குவார்கள். 13 நாள் வேலை செய்த மாதம் 13 நாளாகவே எண்ணப்படுவதால் சராசரி சரியாமல் நிற்கும். அந்த நாட்களைப் பதியாமல் விட்டால், அரை மாதக் கூலி முழு மாதச் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்பட்டு சராசரி இறங்கிவிடும். உள்ளது உள்ளபடி பதிவாவதே அம்மாவுக்கு நல்லது.

அக்டோபர் மாதத்துக்கு உங்களிடம் சீட்டு இருப்பது பெரிய பலம். சீட்டின் படியை இணைத்து, ஆபீஸ் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். விடுபட்ட மாதத்துக்குத் துணைப் பட்டியல் ஏற்றி அவர்கள் இப்போதும் கட்டலாம். தாமதத்துக்கான வட்டியும் அபராதமும் முதலாளியைச் சேரும், அம்மாவிடமிருந்து மறுபடியும் பிடிக்க முடியாது. ஒரு மாதம் பார்த்தும் நடக்கவில்லை என்றால் வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் இணையப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். நாகர்கோவில் அலுவலகத்துக்கு நேரில் போகவும் செய்யலாம். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைகேட்பு முகாமுக்கும் சீட்டோடு போகலாம். அசல் சீட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். படியை மட்டும் கொடுங்கள்.

கருங்கல் மகள்

நேற்று அம்மாவும் நானும் கடிதத்தோடு போனோம். மேலாளர் சீட்டைப் பார்த்துவிட்டு, அக்டோபர்ப் பட்டியலில் பீலிங் பிரிவில் ஒரு பக்கமே விடுபட்டிருக்கலாம் என்றார். அம்மாவோடு இருக்கும் மற்றப் பெண்களின் கணக்கையும் பார்ப்பதாகச் சொல்லிக் கையொப்பம் இட்டுக் கொடுத்தார். இன்று மாலை அவர்களில் ஆறு பேர் தங்கள் ஆதார் அட்டையோடும் பழைய சீட்டுகளோடும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மாவின் பதிவோடு சேர்த்து அவர்களுடைய சேவை வரலாற்றையும் எடுத்துப் பார்க்கப்போகிறோம்.