ஒழுகாத காபுரேற்றரைக் கழற்றி ஒழுக வைத்த கதை

கோண்டாவில்_எழுபது

அப்பாவின் ஹொண்டா சி 70 ஆறு வருடமாக மாமா வீட்டுப் பத்தியில் சும்மா நின்றது. போன மாதம் எடுத்து வந்து, பெற்றோல் தாங்கியைக் கழுவி, காபுரேற்றரை முழுதாகப் பிரித்து, ரவுனில் வாங்கிய கிட்டை அப்படியே போட்டேன். புளோட் ஊசி, ஜெற்றுகள், பவுல் கஸ்கெற், ஓரிங், எல்லாம் புதுசு. இரண்டாவது உதையில் ஸ்டார்ட். அந்தச் சந்தோஷம் ஒரு இரவுதான். விடிய எழும்பினால் முற்றம் முழுக்கப் பெற்றோல் மணம், காபுரேற்றரில் பெற்றோல் நிற்கிற பவுலுக்குக் கீழே தொங்குகிற ரியூபால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பெற்றோலில் மிதந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்கிற புளோட்டின் நாக்கை இரண்டு தரம் வளைத்துப் பார்த்தேன். குறைகிறது, நிற்கவில்லை. நிற்பாட்டிய நாளில் இது ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று அம்மா சத்தியம் பண்ணுகிறா, அதுதான் எனக்குக் கூடக் கடுப்பு. இன்னொரு கிட் போடுவதா, இல்லை முழுக் காபுரேற்றரையும் மாற்றுவதா?

புதுச்சாமான்

முழுதாக மாற்றுங்கோ. இந்த வேலையில் ஒரு வருடம் அழிந்தவன் சொல்கிறேன். கிட் போட்டேன், கஸ்கெற் போட்டேன், புளோட்டை வளைத்தேன், பிறகு இன்னொரு கிட் போட்டேன். கூட்டிப் பார்த்தால் அந்தக் காசுக்குக் கொப்பி காபுரேற்றர் இரண்டு வாங்கியிருக்கலாம். சி 70க்குப் பொருந்துகிற கொப்பி எந்தச் சாமான் கடையிலும் கிடக்கிறது. இரண்டு நட்டு, ஒரு கேபிள், அரை மணித்தியாலம், அவ்வளவுதான். இத்தனை வருடத்துப் பித்தளையில் எங்கே தேய்ந்தது என்று லைற் அடித்துத் தேட உங்களுக்கு என்ன விசரா?

பழைய_ஸ்பனர்

தம்பி, எறிகிறதென்றால் என் வீட்டுப் பக்கமாக எறியுங்கோ. கொம்பனியோடு வந்த கெயிகின் காபுரேற்றரை எறிந்துவிட்டுக் கொப்பி போட்டவர்களின் பழசைப் பொறுக்கித்தான் நான் பாதிக் காலம் ஓட்டினேன்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். பவுல் பொருத்தால் கசிந்தால் அது கஸ்கெற், அல்லது பவுலின் விளிம்பு கோணல். சி 70இல் பெற்றோலைத் திறந்து பூட்டுகிற டாப் காபுரேற்றரோடேயே இருக்கிறது, அதன் கைபிடிக்குப் பின்னால் நாலு ஓட்டை வைத்த ஒரு ரப்பர் உண்டு. அது காய்ந்தால் டாப்படி ஈரமாகும், ஆட்கள் பவுலைக் குறை சொல்லுவார்கள். நீங்கள் ரியூபால் வருகிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் இரண்டில் ஒன்று. பவுலுக்குள் பெற்றோல் அளவுக்கு மேலே ஏறி உள்ளே நிமிர்ந்து நின்று கீழே அந்த ரியூபோடு சேர்கிற பித்தளை ஓவர்புளோ குழாயின் வாயால் வழிகிறது, அல்லது அளவு சரி, குழாயில் மயிரிழை வெடிப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமல் நாக்கை வளைத்தால் ஓட்டைப் பானைக்கு மூடி செய்த மாதிரி.

பார்க்கிற விதம் லேசு. தண்ணி தெரிகிற பிளாஸ்ரிக் ரியூப் ஒரு முழம் எடுத்து வடிகால் ஸ்குரூவின் வாயில் மாட்டி, மறு நுனியைக் காபுரேற்றரோடு ஒட்டினாற்போல மேலே பிடித்துக்கொண்டு, டாப்பைத் திறந்து ஸ்குரூவைத் தளர்த்துங்கோ. பவுலுக்குள் எவ்வளவு நிற்கிறதோ அதே மட்டம் ரியூபில் தெரியும். பவுலும் உடம்பும் சேர்கிற கோட்டுக்குச் சில மில்லிமீற்றர் கீழே நின்றால் ஊசியில் பிழையில்லை. கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஊசி, அது போய் அடைக்கிற சீற், புளோட் மூன்றில் ஒன்று. வண்டி நடு ஸ்ராண்டில் நிற்க வேண்டும், சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

பருத்தித்துறைக்_காற்று

இரவில் டாப்பைப் பூட்டினால் போச்சு. பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்.

பழைய_ஸ்பனர்

அந்தக் கதை என்னோடு வேண்டாம். சந்தைக்குப் போய் வண்டியை நிற்பாட்டி, டாப்பை மறந்து, அந்த ஓவர்புளோ குழாயும் அழுக்கால் அடைத்திருந்தால் பெற்றோல் எங்கே போகும்? காபுரேற்றர் மேலே, சிலிண்டர் கீழே படுத்திருக்கிற எஞ்சின் இது. இன்லெற்றால் இறங்கி, வால்வு திறந்து நின்றால் பிஸ்ரன் வளையங்களையும் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். தம்பி, நீங்களும் ஒயில் குச்சியை எடுத்து மணந்து பாருங்கோ. மட்டம் கூடியிருந்தால், பெற்றோல் மணம் வந்தால், ஒயிலை மாற்றாமல் உதைக்க வேண்டாம்.

சுன்னாகம்_பெடியன்

எங்கட சித்தப்பா இதுக்கு வால்வு உரசுகிற பேஸ்ற்றை ஊசி நுனியில் தடவி சீற்றில் வைத்துச் சுற்றுவார். அதோடு பவுல் விளிம்புக்குச் சிலிக்கன். ஒழுகாது.

பழைய_ஸ்பனர்

சித்தப்பாவுக்கு வணக்கம். ஆனால் வேண்டாம். அந்த ஊசி நுனி ரப்பர், பேஸ்ற்றின் மணல் அதில் பதிந்துவிடும், பிறகு அதுவே அரமாகிப் பித்தளை சீற்றில் வட்டமாகப் பள்ளம் போடும். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் பித்தளை மினுக்குகிற பிராசோ கொஞ்சம் தொட்டு, சீற்றுக்குள் விரலால் பத்துத் தரம் திருப்பி, வடிவாகக் கழுவினால் போதும். சிலிக்கன் பெற்றோலில் ஊறி வழுக்கிவிடும், அதன் துண்டு ஒருநாள் ஜெற்றில் போய் நிற்கும். பவுல் விளிம்பு கோணலென்றால் கண்ணாடித் துண்டின் மேல் எமரிப் பேப்பரை விரித்து எட்டுப் போடுகிற மாதிரித் தேயுங்கோ.

புதுச்சாமான்

பழைய ஸ்பனர் அண்ணை, மரியாதையோடு கேட்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த 90களில் எங்கட ஊர் வண்டியெல்லாம் எதில் ஓடியது? சின்னப் போத்தலில் பெற்றோல் கொண்டுபோய் நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய். வருடக் கணக்காக மண்ணெண்ணெய் குடித்த காபுரேற்றரைத்தான் நீங்கள் ஒரிஜினல் என்று கும்பிடச் சொல்கிறீர்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தபோது போத்தலில் சேர்த்து வைத்துப் பழுதாக்கிய பெற்றோலும் எங்கட ஊர்க் காபுரேற்றர்களுக்குள்தான் போனது. உள்ளுக்குப் பசை பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? என்னுடைய கொப்பி மூன்று வருடமாக ஓடுகிறது. காலையில் வேலைக்குப் போகிறேன், பின்னேரம் வருகிறேன். ரியூபைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்க்க எனக்கு நேரமில்லை.

பழைய_ஸ்பனர்

பசை கழுவினால் போகும், தேய்மானம் அப்படிப் போகாது, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். மண்ணெண்ணெய்க் காலத்தில் கெட்டது எஞ்சின்தான் அதிகம். தட்டித் தட்டி ஓடியது, ஒயில் தண்ணியானது. காபுரேற்றர் தப்பியது. உங்கட கொப்பி ஓடுவதை நான் மறுக்கவில்லை. மூன்று வருடத்தில் ஐடில் ஸ்குரூவை எத்தனை தரம் திருகினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கோ.

புதுச்சாமான்

அது மழைக்கு மட்டும்தான் அண்ணை.

லண்டன்_கொக்குவில்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு பழைய பிஎஸ்ஏ நிற்கிறது, அமல் காபுரேற்றர். அதில் குளிருக்கு ஸ்டார்ட் பண்ண ரிக்ளர் என்று ஒரு பொத்தானை அமத்தி, பெற்றோல் வழிகிற வரைக்கும் புளோட்டைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். வழிந்தால்தான் சரி! அதைப் பார்த்துப் பழகிய எனக்கு உங்கட சொட்டுப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று, எழுபது தம்பி, பழைய ஊசியை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் புதுசையும் பழசையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பாட்டிப் பாருங்கோ.

கோண்டாவில்_எழுபது

எறியவில்லை, ரொபித் தகரத்துக்குள் கிடந்தது. பார்த்தேன், கண்ணுக்கே தெரிகிறது, கிட்டில் வந்தது கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் கட்டை! ஊசி கட்டை என்றால் புளோட் இன்னும் மேலே ஏறினால்தான் அடைக்கும், அதற்குள் பெற்றோல் குழாய் வாயைத் தாண்டிவிடும். ரியூப் சோதனையிலும் மட்டம் கோட்டுக்கு மேலேதான் நின்றது. பழைய ஊசியைக் கழுவி, சீற்றைப் பிராசோ போட்டு, நாக்கைப் பழையபடி நிமிர்த்தினேன். காபுரேற்றரைத் தலைகீழாகப் பிடித்துப் பெற்றோல் வருகிற வாயால் ஊதினால் காற்றுப் போகவில்லை, நிமிர்த்தினால் போகிறது. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

விடிய மீண்டும் சொட்டு. குறைவு, பேப்பரில் கோப்பை அளவு வட்டம். ரியூப் மாட்டினால் மட்டம் இப்போது நாலு மில்லிமீற்றர் கீழே, சரி.

பழைய_ஸ்பனர்

அப்ப குழாய்தான். பவுலைக் கழற்றி, குழாயின் உச்சிக்குக் கீழே வரைக்கும் பெற்றோல் ஊற்றி, ஒரு வெறும் போத்தல் வாயில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தேத்தண்ணி குடியுங்கோ.

கோண்டாவில்_எழுபது

தேத்தண்ணி ஊற்ற முதலே விழத் தொடங்கிவிட்டது. நகத்தால் தடவினால் தெரியாது, வெயிலில் சரித்துப் பிடித்தால் அடியிலிருந்து மேலே போகிற ஒரு கறுப்புக் கோடு. நான் முதல் நாள் அந்தக் குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தினேன். ஒருவேளை அதுதான்.

புதுச்சாமான்

பாருங்கோ, பவுலும் போச்சு. இப்பவாவது கொப்பி?

பழைய_ஸ்பனர்

ஈயம் ஒட்டலாம். பவுலைக் கழுவி ஒரு பகல் வெயிலில் விட்டு, பெற்றோல் மணம் அறவே போன பிறகு, பித்தளையைச் சுரண்டி மின்சாரப் பற்றாசுக்கோலால் மெல்லியதாக ஒட்டுங்கோ. காஸ் சுவாலை வேண்டவே வேண்டாம், பவுல் துத்தநாகக் கலவை, உங்கட கண்முன்னாலேயே குந்திவிடும். குழாயின் உயரம் மாறக் கூடாது.

புதுச்சாமான்

அண்ணை சொல்லி முடிக்க நான் மூன்று தரம் கோண்டாவிலுக்கும் ரவுனுக்கும் போய் வந்திருப்பேன். அதோடு கிட் பிழை என்று கண்டுபிடித்தது உங்கட கட்சி இல்லை, என்ர கட்சி. கிட்டை நம்பாதே, முழுதாக மாற்று என்றுதானே முதலிலேயே சொன்னேன்.

பழைய_ஸ்பனர்

கிட் செய்கிற ஆட்கள்தான் கொப்பியும் செய்கிறார்கள் தம்பி.

பருத்தித்துறைக்_காற்று

டாப்பைப் பூட்டியிருந்தால் இவ்வளவு கதை வந்திருக்காது.

கோண்டாவில்_எழுபது

ஈயம் ஒட்டியாயிற்று, அசிங்கமாக, ஒரு பருப்பு அளவு கட்டியோடு. இரண்டு இரவாகக் கீழே விரித்த பேப்பர் காய்ந்தே கிடக்கிறது. டாப்படியில் மட்டும் லேசான ஈரம், நாலு ஓட்டை ரப்பர் தேட நாளைக்கு ஸ்ரான்லி வீதிக்குப் போக வேண்டும். புதுச்சாமான் அண்ணை, உங்கட கொப்பியில் அந்த ரப்பர் கழன்று வருமா? அதோடு, எல்லாம் பூட்டி முடிய கால் மறைப்புக்குரிய ஒரு போல்ற் கையில் மிச்சம் நிற்கிறது, இது எங்கே போகிறது என்று யாருக்காவது தெரியுமா?