அப்பாவுக்கு மட்டும் இரவு இரண்டு மணிக்குச் சங்கு ஊதுகிறது

முதலியார்பேட்டை:

என் அப்பா புதுச்சேரி ரோடியர் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். நைட் ஷிஃப்ட்தான் அதிகம். மில்லையே 2020-ல் மூடிவிட்டார்கள். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், கூடத்தில் ஏதோ உருளும் சத்தம். எழுந்து போனால், அப்பா சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு, காலித் தூக்கோடு நின்று தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருக்கிறார். "சங்கு ஊதிடுச்சு பாப்பா, கேட்டை சாத்திடுவான்" என்றார்.

அதே மனிதர் காலை பதினொரு மணிக்கு, இட்லி வாயில் இருக்கும்போதே தூங்கிவிடுவார். "பகல்லாம் தூங்கினா ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?" என்று அம்மா கத்துவார். நான் இன்னும் மோசம். முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறேன். வீம்பு என்றே நினைத்தோம்.

அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்த பிறகு நரம்பு டாக்டரிடம் இதையும் புகாராகச் சொன்னேன். "அவர் தூங்கணும்னு தூங்கலம்மா. விழிச்சிருக்க முடியல" என்றார். அன்றைக்குத்தான் உறைத்தது. மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருப்பதற்கென்றே தனி நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. அல்சைமரால் இறந்தவர்களின் மூளையைக் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அந்தக் கூட்டங்களில் 75 சதவீதம் வரை அழிந்திருந்ததாம். டௌ என்ற புரதம் அங்கே சிக்கலாகத் திரண்டதுதான் காரணம் என்கிறார்கள். பாதி விளக்கு அணைந்த வீட்டில் நான் போய்த் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

அடுத்து வேறு கவலை பிடித்தது. அத்தனை வருஷம் கண் விழித்ததால்தான் வந்ததோ? கிடைத்ததையெல்லாம் படித்தேன். இந்த நோயில் மூளையில் படியும் இன்னொரு புரதம் அமிலாய்டு பீட்டா. விழித்திருக்கும்போது அது ஏறுகிறது, தூங்கினால் இறங்குகிறது. இதை 2009-ல் எலிகளிடம் காட்டினார்கள். எலிகளைத் தொடர்ந்து தூங்கவிடாமல் செய்தால் படிவுகளும் கூடின. 2018-ல் நல்ல ஆரோக்கியமான 20 பேரை ஒரே ஒரு ராத்திரி விழிக்க வைத்தபோதே ஸ்கேனில் அந்தப் புரதம் சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. அப்புறம் பிரிட்டனில் சுமார் 8,000 அரசு ஊழியர்களைக் கால் நூற்றாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு மறதி நோய் 30 சதவீதம் அதிகமாக வந்திருக்கிறது என்று 2021-ல் வந்தது. படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது.

டாக்டர் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. மறதி தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே நோய் உள்ளே ஆரம்பித்துவிடும், அதுவே தூக்கத்தையும் கெடுக்கும், எது முந்தி என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்றார். அப்பாவோடு நைட் ஷிஃப்ட் பார்த்த இருவர் எண்பது தாண்டியும் டீக்கடையில் அரசியல் பேசுகிறார்கள், அதையும் பார்க்கிறேன். மறதி நோய்க்காரர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடலூர் முதுநகர்:

எங்கள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தே பழக்கம். அவருக்கு ராத்திரி பரவாயில்லை, பொழுது சாயும் நேரம்தான் ஆகாது. அஞ்சரை ஆனால் "வீட்டுக்குப் போகணும், பிள்ளைங்க தனியா இருக்கும்" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார். அவர் இருப்பதே அவர் வீடு, எதிரில் நிற்கும் நான்தான் பிள்ளை. இருட்டுவதற்கு முன்னாலேயே டியூப்லைட்டுகளைப் போட்டோம். பீரோ கண்ணாடியில் 'யாரோ ஒரு கிழவி' நிற்கிறாள் என்று பயந்ததால் அதில் ஒரு லுங்கியைத் தொங்கவிட்டோம். காலையில் ஒரு மணி நேரம் வாசல் வெயிலில் உட்கார வைக்கிறோம். இதில் எது வேலை செய்ததோ, ரகளை பாதியாகிவிட்டது.

மஞ்சக்குப்பம்:

ஒரு எச்சரிக்கை மட்டும். மாமனாருக்கு ராத்திரி தூக்கம் வரட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். தூங்கினார்தான். மறுநாள் பெற்ற பெண்ணையே தெரியவில்லை, சிறுநீரும் அடைத்துக்கொண்டது. சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் அந்த வகைப் பழைய மாத்திரைகள் மறதிக்காரர்களின் மூளையை இன்னும் குழப்பும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஞாபகத்துக்காகத் தரும் டோனெபெசில் கூடச் சிலருக்கு ராத்திரியில் போட்டால் பயங்கரக் கனவு வரும். டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினோம், அலறல் நின்றது. நீங்களாக மாற்றாதீர்கள்.

முதலியார்பேட்டை:

இருவருக்கும் நன்றி. கண்ணாடியை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது பகலில் அவரைத் திட்டுவதில்லை. மதியம் அரை மணி நேரம் விட்டு, மெதுவாக எழுப்பிக் கடைத்தெரு வரை நடத்திக் கூட்டிப்போகிறேன். ராத்திரி எழுந்தால் "மில்லே இல்லப்பா" என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். நேற்று மறுபடி தூக்கோடு நின்றார்.

"இன்னைக்கு ஸ்ட்ரைக்குப்பா" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "போனஸுக்கா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்ப சரி" என்று அவரே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.